தடுப்பூசிப் புத்தகத்தில் ஒரு பக்கம் கிழிந்திருந்தது

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கால்நடை மருத்துவமனை இன்னும் திறக்கவில்லை. வாசல் கம்பியில் ஒரு நாய் கட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு கிண்ணம், நைந்துபோன போர்வை, பாதி தீர்ந்த நாய்த் தீவனம், தடுப்பூசிப் புத்தகம். தீவனம் நமுத்துப் போகக் கூடாது என்று அந்தப் பாக்கெட்டின் வாயை மடித்துத் துணி காயப் போடும் கிளிப்பை மாட்டியிருந்தார்கள்.

அந்தப் புத்தகத்தைத்தான் நான் ரொம்ப நேரம் புரட்டிக்கொண்டிருந்தேன். வளர்ப்பவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதும் முதல் பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது. அடுத்த பக்கத்தில் நாயின் பெயர் பிரவுனி என்று இருந்தது. குட்டியாக இருந்தபோது போட வேண்டிய ஊசிகள், ராபீஸ் ஊசி, பூச்சி மருந்து எல்லாவற்றுக்கும் தேதி, கையெழுத்து, முத்திரை. மூன்று வருடம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. நான்காவது வருட ஊசி இரண்டு மாதம் தள்ளிப் போடப்பட்டிருந்தது. அதற்குக் கீழே எல்லாக் கட்டங்களும் வெறுமையாக இருந்தன.

இப்போது யோசித்தால், ஒரு குடும்பத்தின் கை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது என்பது அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. கோபம்தான் தெரிந்தது. நாயை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். புகைப்படம் எடுத்து, "இப்படிச் செய்ய எப்படி மனசு வந்தது?" என்று இங்கேதான் பதிவு போட்டேன். பலர் பகிர்ந்தார்கள். கீழே வந்த சாபங்களை இங்கே எழுத முடியாது.

மூன்றாம் நாள் இரவு ஒரு பெண் அழைத்தார்.

"அக்கா, நீங்க போட்ட போட்டோல இருக்கறது எங்க பிரவுனி."

திருப்பிக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "இடி இடிச்சா பாத்ரூமுக்குள்ள போய் உக்காந்துக்கும். வெளியில இழுக்காதீங்க. கொஞ்ச நேரத்துல அதுவா வந்துடும்," என்றார். அதைச் சொல்லத்தான் அழைத்திருக்கிறார்.

அப்புறம் மெதுவாக மீதியையும் சொன்னார். கணவருக்கு வேலை போய் எட்டு மாதம். வாடகை கட்ட முடியாமல் வீட்டைக் காலி செய்து உறவினர் வீட்டுக்குப் போக வேண்டிய நிலை. நாயோடு வரக் கூடாது என்று அவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இவர் மூன்று காப்பகங்களுக்கு போன் செய்திருக்கிறார். இரண்டு இடத்தில் இடமில்லை. மூன்றாவது இடத்தில் எடுத்தவர், "வச்சுப் பாத்துக்க வக்கில்லாதவங்க எதுக்கு வாங்குனீங்க?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு இவர் யாருக்கும் போன் செய்யவில்லை.

அன்றிரவே பதிவை எடுத்துவிட்டேன்.

நாயைக் கொண்டுபோய் விடுவது சரி என்று நான் சொல்லவில்லை. பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம், அப்படி இருப்பதும் நியாயம்தான். ஆனால் கஷ்டகாலத்தில் நாயைக் கைவிடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஈரமில்லாதவர்கள் இல்லை என்பது இத்தனை வருடம் இந்த நாய் மீட்பு வேலையில் இருந்து நான் தெரிந்துகொண்டது. அவர்களுக்கு வெட்கம். பணமில்லை என்று வெளியில் சொல்ல வெட்கம், உதவி கேட்க வெட்கம். நாம் திட்டத் திட்ட அந்த வெட்கம் கூடுகிறது. பகலில் வந்து நம் கையில் கொடுத்திருக்க வேண்டிய நாயை இருட்டில் வந்து கட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பெண்ணாவது மருத்துவமனை வாசலில் கட்டினார். நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்படி இறக்கிவிடுகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே ஒன்றைச் சொல்லிக்கொள்கிறார்கள்: "நாய்தானே, எப்படியாவது பிழைச்சுக்கும்." பிழைக்காது. வீட்டுக்குள் வளர்ந்த நாய்க்குச் சாலையைக் கடக்கத் தெரியாது. ஒவ்வொரு தெருவும் ஏற்கெனவே வேறு நாய்களின் எல்லை, புதிதாக வந்த நாயை அவை சேர்ந்து விரட்டும். சாப்பாடு ஒரு கிண்ணத்தில் வரும் என்று மட்டுமே அதற்குத் தெரியும். வண்டி எங்கே விட்டுவிட்டுப் போனதோ, அதே இடத்தில் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும் நாய்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து நிற்கும். நாம் கொண்டுபோய் வைக்கும் சாப்பாட்டைக்கூட அந்த இடத்தை விட்டு நகர்ந்து வந்து சாப்பிடாது. கருத்தடை செய்யாத பெண் நாயாக இருந்தால் இன்னும் மோசம். நாயின் கர்ப்பகாலம் சுமார் 63 நாட்கள்தான். ஒரு நாயை விட்டுவிட்டுப் போனதாக நினைப்பார்கள், அது ஒரு கூட்டமாகியிருக்கும்.

இது இன்றைக்குப் புதிதாக வந்த பழக்கமும் இல்லை. 1939 செப்டம்பரில் பிரிட்டன் போரில் இறங்கியதும், லண்டனில் மட்டும் முதல் வாரத்திலேயே சுமார் 4 லட்சம் நாய்களையும் பூனைகளையும் வளர்த்தவர்களே கொண்டுபோய்க் கொல்லக் கொடுத்தார்கள். அப்போது குண்டு விழ ஆரம்பிக்கவில்லை. உணவுப் பங்கீடும் தொடங்கவில்லை. இனி என்ன ஆகுமோ என்ற பயம் மட்டும்தான். பிறகு அதை நினைத்து வருந்தியவர்கள் ஏராளம். அதே நேரத்தில் ஹாமில்டன் சீமாட்டி நீனா என்ற பெண்மணி, ஆட்களை அனுப்பி லண்டனின் ஏழை மக்கள் வாழ்ந்த கிழக்குப் பகுதியிலிருந்து பிராணிகளைச் சேகரித்துத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். குரைக்கும் சத்தத்துக்காக அக்கம்பக்கத்தாரிடம் மன்னிப்பும் கேட்டார். பிறகு அவற்றையெல்லாம் கிராமப்புறத்தில் இருந்த தன் எஸ்டேட்டுக்கு அனுப்பினார். இன்று நாம் ஃபாஸ்டர் என்று சொல்வதை, அதாவது ஒரு பிராணியைக் கொஞ்ச காலத்துக்கு மட்டும் நம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதைத்தான் அந்த அம்மா அன்றே செய்திருக்கிறார்.

2008இல் அமெரிக்காவில் வீட்டுக் கடன் நெருக்கடி வந்தபோது, வங்கி கையகப்படுத்திய வீடுகள் சிலவற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே நாய்களும் பூனைகளும் இருந்தன. 2020இல் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்திருந்தபோது துணைக்கு நாய் வேண்டும் என்று தேடித் தேடி வாங்கினார்கள். அலுவலகம் திறந்தது, விலைவாசி ஏறியது, அந்த நாய்களில் பல திரும்பிக் காப்பகத்துக்கே வந்தன. பணம் இறுகும்போதெல்லாம் இது நடக்கிறது. வரும் என்று தெரிந்த ஒன்றுக்கு நாம் தயாராக இல்லாமல் இருப்பதுதான் என் ஆதங்கம்.

சரி, கையில் நாய் இருக்கிறது, பணம் இல்லை. என்ன செய்வது? இன்று அந்த நிலையில் இருக்கும் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முன்னாலேயே சொல்லுங்கள். வீட்டைக் காலி செய்யும் நாளன்று காலையில் அழைத்தால் எங்களால் எதுவும் செய்ய முடியாது. ஒரு மாதம் முன்னால் சொன்னால் எவ்வளவோ செய்யலாம். உங்கள் மருத்துவரிடம் நிலைமையை ஒளிக்காமல் சொல்லுங்கள். எது அவசியம், எதைத் தள்ளிப்போடலாம் என்று அவர் பிரித்துச் சொல்வார். ராபீஸ் ஊசியைத் தள்ளிப்போட முடியாது, அந்த நோய் வந்துவிட்டால் நாயானாலும் மனிதரானாலும் பிழைப்பது அநேகமாக இல்லை. பொம்மை, வாசனை ஷாம்பு, சலூன் இவையெல்லாம் இல்லாவிட்டால் நாய்க்கு ஒரு குறையும் வராது. விலை குறைந்த தீவனத்துக்கு மாறலாம், தப்பில்லை. ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு ஆகும், ஏழெட்டு நாள் பழையதோடு கலந்து கலந்து மாற்றுங்கள். அப்படியும் முடியவில்லை என்றால், "மூணு மாசம் மட்டும் பாத்துக்க முடியுமா?" என்று கேளுங்கள். பல வீடுகளில் பிரச்சினை மூன்று மாதத்துப் பிரச்சினைதான். அதற்காக ஒரு நாயின் முழு ஆயுளையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

அந்த மூன்று மாதத்தைக் கொடுக்கத்தான் ஃபாஸ்டர் வீடுகள் வேண்டும். காப்பகம் கட்டுவதற்குப் பணமும் நிலமும் ஆளும் வேண்டும். ஃபாஸ்டருக்கு ஒரு மூலையும் கொஞ்சம் பொறுமையும் போதும். காப்பகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அங்கே இரவெல்லாம் ஏதாவது ஒரு நாய் குரைத்துக்கொண்டே இருக்கும், எதுவும் நிம்மதியாகத் தூங்காது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 5 காப்பகங்களில் இருந்த நாய்களை ஓரிரு இரவு மட்டும் வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2019இல் அந்த ஆய்வு வெளியானது. வீட்டில் இருந்த நேரத்தில் நாய்களின் உடலில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் குறைந்தது, ஓய்வும் நீண்டது. திரும்பிப் போனதும் கார்ட்டிசால் பழைய அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் முன்பைவிடக் கூடவில்லை. "கொஞ்ச நாள் வீட்டில் வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் அது இன்னும் ஏங்கிப் போகாதா?" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

முதல் தடவை ஃபாஸ்டர் எடுப்பவர்கள் செய்யும் தவறு, அன்பைக் கொட்டுவது. வந்த அன்றே குளிப்பாட்டி, கட்டிப்பிடித்து, வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவது. வேண்டாம். அதற்கு ஒரு மூலை, தண்ணீர், விரிப்பு கொடுத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். மீட்பில் இருப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மூன்று நாள் பயம், மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்கள் பழகும், மூன்று மாதத்தில்தான் அது தன் வீடு என்று நம்பும். எல்லா நாய்க்கும் அச்சாகப் பொருந்தாது, ஆனால் முதல் வாரத்திலேயே "இது யாரோடும் ஒட்டவில்லை" என்று முடிவு கட்டாமலிருக்க உதவும். பிரவுனி முதல் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மூன்றாம் நாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மெல்ல வந்து, மடித்து வைத்த போர்வையின் ஓரத்தில் தாடையை மட்டும் வைத்துக்கொண்டு படுத்தது. உடம்பு முழுக்கத் தரையில், தாடை மட்டும் போர்வையில்.

இன்னொன்று, எலும்பும் தோலுமாக வரும் நாய்க்கு வயிறு முட்டப் போடாதீர்கள். பார்க்கும்போது மனசு கேட்காது, எனக்குத் தெரியும். ஆனால் பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறைய சாப்பாடு போனால் ரத்தத்தில் தாது உப்புகள் நிலைகுலைந்து உயிரே போகலாம். மருத்துவர் சொல்லும் அளவில், சிறிது சிறிதாகப் பல வேளை கொடுக்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் இரண்டையும் முதலில் தனித்தனி அறையில் வையுங்கள், இரண்டு வாரமாவது. குட்டி எடுப்பவர்கள் பார்வோவை, குட்டிகளின் உயிரையே பறிக்கும் அந்தத் தொற்றுநோயை, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்பில் போகாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். வீட்டில் முன்பு பார்வோ வந்திருந்தால் ஊசி முடிக்காத குட்டியை அங்கே எடுக்கவே கூடாது. நாயை ஒப்படைப்பவர்களிடம் மருத்துவச் செலவு யாருடையது, எத்தனை நாளைக்கு, உங்களால் முடியாமல் போனால் யார் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தயங்காமல் கேளுங்கள். இதைப் பேசாமல் விட்டுத்தான் நல்ல ஃபாஸ்டர்கள் பலர் கசந்து போய் விலகியிருக்கிறார்கள்.

"எனக்கு நாய்னா உயிர், ஆனா பழகிட்டு என்னால பிரிய முடியாது." இதை வாரத்துக்கு ஒருவராவது சொல்கிறார்கள். பிரிவு வலிக்கும்தான். நானே ஒவ்வொரு தடவையும் அழுகிறேன். அந்த வலி நமக்கு ஒரு வாரம். நாம் எடுக்காமல் விட்டால் அந்த நாய் எங்கே இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். எடுத்த நாயைப் பிரிய மனமில்லாமல் தானே வைத்துக்கொள்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் நான் வைத்துக்கொள்ளவில்லை. என் வீட்டின் அந்த மூலை காலியானால்தான் அடுத்தது வர முடியும்.

பிரவுனி என்னோடு நாலரை மாதம் இருந்தது. வாரம் ஒரு புகைப்படம் அந்தப் பெண்ணுக்கு அனுப்புவேன். அவர் கணவருக்கு வேலை கிடைத்தது. ஆனால் கிடைத்த வாடகை வீட்டில் நாய் கூடாது என்றுவிட்டார்கள். அவரே ஒருநாள், "வேற நல்ல வீடு பாத்துக் குடுத்துடுங்க அக்கா," என்றார். பிள்ளைகள் பெரியவர்களான ஒரு குடும்பம் வந்து கூட்டிக்கொண்டு போனது. தடுப்பூசிப் புத்தகத்தைக் கொடுக்கும்போது, இடி இடித்தால் பாத்ரூம் கதவைத் திறந்து வையுங்கள் என்று சொன்னேன். அவர்கள் அதைப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டார்கள்.

இப்போது அந்த மூலை காலியாக இல்லை, கால் முறிந்த நாய்க் கிழவர் ஒருவர் படுத்திருக்கிறார். ஆனால் நேற்று ஒரு தாய் நாயும் ஐந்து குட்டிகளும் வந்திருக்கின்றன. காலி செய்துவிட்டுப் போன ஒரு வீட்டின் பின்கட்டில் இருந்தன. குட்டிகள் கண் திறந்து நாலு நாள்தான் ஆகிறது. தாயிடமிருந்து பிரிக்க இன்னும் ஆறு வாரமாவது ஆக வேண்டும். அதுவரைக்கும் கதவு சாத்தக்கூடிய ஒரு அறை வேண்டும், வேறு நாய் இல்லாத வீடாக இருந்தால் நல்லது. தீவனமும் மருத்துவச் செலவும் எங்கள் பொறுப்பு. இடம் இருக்கிறவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.