மேலே கூடைப்பந்து, கீழே ரயில்

(நியூயார்க் பென் ஸ்டேஷன், மாலை நேரக் கூட்டம். நியூ ஜெர்சியிலுள்ள எடிசன் என்ற ஊருக்குப் போகும் ரயிலுக்காக மாமனாரும் மருமகனும் போர்டை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்கள். மாமனார், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்.)

மாமனார்: ஏன் மாப்பிள்ளை, நம்ம வண்டி எந்த பிளாட்பாரம்?

மருமகன்: இன்னும் போடவில்லை மாமா. கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் போடுவார்கள். போட்டதும் ஓட வேண்டும்.

மாமனார்: விழுப்புரத்தில் நான் இப்படிச் செய்திருந்தால் என் ரூம் கண்ணாடி ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. அது சரி, கூரை ஏன் தலையில் இடிக்கிற மாதிரி இருக்கிறது?

மருமகன்: மேலே கூடைப்பந்து ஸ்டேடியம். மேடிசன் ஸ்கொயர் கார்டன்.

மாமனார்: ஸ்டேஷன் தலைமேலா? எந்த மகராசன் யோசனை இது?

மருமகன்: 1910-ல் பழைய ரோமாபுரிக் குளியல் மண்டபத்தைப் பார்த்து பிரமாண்டமாகக் கட்டிய ஸ்டேஷன் இங்கே இருந்தது. ரயில் கம்பெனிக்குக் கையில் காசில்லை. 1963-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். 1968-ல் அதே இடத்தில் இதைத் திறந்துவிட்டார்கள்.

மாமனார்: காசில்லை என்றால் மாடியை வாடகைக்கு விடலாம். அதற்காகக் கீழ்வீட்டை இடிப்பார்களா?

மருமகன்: ஸ்டேடியத்தின் தூண்கள் பிளாட்பாரம் வரை இறங்கியிருக்கின்றன. பார்த்து ஓடுங்கள். போன வாரம் நான் ஒன்றைக் கட்டிப்பிடித்தேன்.

மாமனார்: காலி பண்ணச் சொல்ல வேண்டியதுதானே?

மருமகன்: சொன்னார்களே! 2013-ல் நகர சபை 10 வருஷத்துக்குத்தான் அனுமதி கொடுத்தது. அதற்குள் வேறு இடம் பார்க்கட்டும் என்று நினைப்பு.

மாமனார்: பார்த்தார்களா?

மருமகன்: அதே சமயத்தில் சுமார் நூறு கோடி டாலர் செலவழித்து உள்ளே புதுப்பித்துக்கொண்டார்கள்.

மாமனார்: காலி பண்ணுகிறவன் புது டைல்ஸ் போட மாட்டானே!

மருமகன்: 2023-ல் கெடு முடிந்தது. இன்னும் 5 வருஷம் கொடுத்திருக்கிறார்கள்.

மாமனார்: வரியாவது ஒழுங்காகக் கட்டுகிறார்களா?

மருமகன்: 1982-லிருந்து சொத்துவரியே கிடையாது.

மாமனார்: (நெஞ்சைப் பிடித்துக்கொண்டு) கிடையாதா! ஊர் வீட்டுக்கு அரையாண்டு வரி கட்டாமல் விமானம் ஏறிவிட்டேன் என்று எனக்கு ராத்திரித் தூக்கமே இல்லை மாப்பிள்ளை! முதலில் இடிக்கச் சொல்லுங்கள்.

மருமகன்: இடித்தால் ரசிகர்கள் விட மாட்டார்கள். 1971-ல் முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் குத்துச்சண்டையில் மோதியது இங்கேதான்.

மாமனார்: அலியா? நம் தலைக்கு மேலேயா? இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? டீக்கடையில் பேப்பருக்குச் சண்டை போட்டுப் படித்த செய்தி ஐயா அது! தொடக் கூடாது. ஸ்டேஷன் வேண்டுமானால் நகரட்டும்.

மருமகன்: ரயில்வேக்காரர் பேசுகிற பேச்சா மாமா இது?

மாமனார்: ரிட்டயர் ஆகிவிட்டேன் அல்லவா?

மருமகன்: ஆனால் அன்றைக்கு ஜெயித்தது ஃப்ரேசியர்.

மாமனார்: (யோசித்து) அப்படியென்றால் 5 வருஷம் போதும்.