கட்டடம் தருபவர் வள்ளல், சம்பளம் யார் தருவது?

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி விழாவில் சிறப்புப் பேச்சாளர் பேசியதை நேரிலோ காணொளியிலோ பார்த்திருப்பீர்கள். "வள்ளல்கள் பிறந்த மண்ணில் கல்லூரி நடத்த அரசிடம் ஏன் கையேந்த வேண்டும்?" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குக் கை எழவில்லை.

எங்கள் ஊர் வள்ளல் அழகப்பச் செட்டியாரின் பெருமையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1947இல் அவர் தொடங்கிய கல்லூரி இல்லையென்றால் என் அப்பா பட்டம் வாங்கியிருக்க மாட்டார். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரிக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் தந்த கை அது. ஆனால் வள்ளல் நிலம் தருவார், கட்டடம் தருவார். மாதம் தவறாமல், தலைமுறை தாண்டியும் ஆசிரியருக்குச் சம்பளம் தர அரசால்தான் முடியும். கானாடுகாத்தான் ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1929இல் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையே, நிதி நெருக்கடி முற்றி 2013இல் அரசு ஏற்க நேர்ந்தது.

"அங்கே அளவுக்கு மீறி ஆள் எடுத்தார்கள்" என்று கீழே ஒருவர் எழுதுவார். எடுத்தார்கள்தான். நிர்வாகம் செய்த தவறுக்கு, பாடம் நடத்துபவரின் கூலி தர்மக் காசாக வேண்டுமா?

நான் கௌரவ விரிவுரையாளர், அதாவது நிரந்தரப் பணி இல்லாத ஆசிரியர். ஒன்பது ஆண்டுகளாகக் கணிதம் நடத்துகிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்றது. எனக்குக் கிடைப்பது 25,000, அதுவும் 11 மாதம். மே மாதம் ஒன்றும் கிடையாது. போன மே மாதம் கழனிவாசல் மளிகைக் கடை அண்ணன் கணக்கு நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு அரிசியை நிறுத்துக் கட்டிக் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அரசிடம் பணமில்லை என்பவர்களே, நிரந்தர ஆசிரியர் நடத்தும் அதே பாடத்தைத்தானே நானும் நடத்துகிறேன்? மிச்சம் பிடிப்பது யார் வயிற்றில்? வகுப்பில் நிற்கும் ஆசிரியரை எண்ணி மானியம் கொடுங்கள். ஓய்வு பெற்றவரின் இடத்தை உடனே நிரப்புங்கள். பிடிக்காவிட்டால் வேறு வேலைக்குப் போ என்கிறீர்கள். போகிறேன். திங்கட்கிழமை முதல் மணிக்கு அந்த அறுபது பிள்ளைகள் முன்னால் யார் நிற்பது?

அந்த அறுபதில் ஒருத்தி, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள், முதுகலை விண்ணப்பத்தை நீட்டினாள். "உங்களை மாதிரியே கல்லூரி ஆசிரியர் ஆகவேண்டும் மேடம்" என்றாள். பரிந்துரைக் கடிதம் கேட்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.