காதில் குரல் இல்லாத பந்தயம்

ஒலிம்பிக் சைக்கிள் சாலைப் பந்தயத்திலும் அணியின் காரிலிருந்து பேசுவதைக் கேட்கக் காதில் ரேடியோ மாட்டிக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் வாதாடுகிறார். அவர் கூப்பிடும் சாட்சி டோக்கியோ ஒலிம்பிக். என் சாட்சியும் அதே டோக்கியோதான், எதிர்த்தரப்புக்காக.

2021 ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை. பெண்களுக்கான பந்தயம், 137 கிலோமீட்டர், ஃபுஜி கார்ப் பந்தயத் தளத்தில் முடிவு. கொடி அசைந்ததும் அன்னா கீசன்ஹோஃபர் பாய்ந்துவிட்டார். ஆஸ்திரியாவிலிருந்து வந்திருந்தவர் அவர் ஒருவர்தான். கணிதத்தில் முனைவர், சுவிட்சர்லாந்தின் லோசானில் ஆராய்ச்சி, அப்போது எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லை. கூடவே நால்வர் ஒட்டிக்கொண்டார்கள்.

இப்படி ஆரம்பத்திலேயே ஓடுகிறவர்களைப் பெருங்கூட்டம் விட்டுப் பிடிக்கும். கூட்டத்துக்குள் இருப்பவருக்கு முன்னால் போகிறவரின் முதுகே காற்றுக்குத் தடுப்பு. ஓடிப் போனவர் அந்தக் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டே மிதிக்க வேண்டும். எப்படியும் களைத்துவிடுவார் என்பது கணக்கு. அன்று இடைவெளி பத்து நிமிடத்தைத் தாண்டியும் யாரும் பதறவில்லை.

கூட்டத்தில் இருந்த நெதர்லாந்துக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? ஃபான் ஃப்ளூட்டன், ஃபோஸ், ஃபான் டெர் பிரெக்கன், ஃபோலரிங். நால்வரில் யார் வென்றாலும் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். கடைசிக் கட்டத்தில், முன்பே ஓடிப் போன ஐவரில் போலந்து வீராங்கனையையும் இஸ்ரேல் வீராங்கனையையும் பிடித்ததும், எல்லோரையும் பிடித்தாயிற்று என்று நினைத்துவிட்டார்கள். ஆனால் சுமார் 40 கிலோமீட்டர் மிச்சமிருந்தபோதே அந்த இருவரையும் உதறிவிட்டுக் கீசன்ஹோஃபர் தனியாகப் போயிருந்தார்.

அவர் கோட்டைக் கடந்து தரையில் சாய்ந்தார். ஒன்றேகால் நிமிடம் கழித்து ஃபான் ஃப்ளூட்டன் வந்தார், வென்றது தானே என்ற நினைப்பில் இரண்டு கைகளையும் உயர்த்தி, முகமெல்லாம் சிரிப்பாக. எங்கள் வீட்டில் சோற்றுத் தட்டோடு பார்த்துக்கொண்டிருந்த மாமியார், "வெள்ளிக்கே இவ்வளவு சந்தோஷப்படுகிறதே, நல்ல பெண்" என்றார். எனக்கு விளக்க மனம் வரவில்லை.

ரேடியோ இருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது என்கிறார் நண்பர். வந்திருக்காதுதான். "முன்னால் இன்னும் ஒருத்தி இருக்கிறாள்" என்று காரிலிருந்து ஒரு குரல் சொல்லியிருக்கும், நெதர்லாந்து நால்வரும் முறை வைத்து முன்னால் வந்து இழுத்திருப்பார்கள். அப்படிப் பிடிப்பதில் காருக்குள் இருப்பவரின் திறமை தெரியும். மிதிப்பவரின் திறமை? ஐந்து பேர் போனார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வதும், பின்தங்கிப் போய்த் தன் அணியின் காரிடம் கேட்பதும் பந்தயத்தின் பகுதிதானே? சைக்கிள் பந்தயத்துக்கென்றே கட்டிய அரங்கான வெலோட்ரோமில் 250 மீட்டர் வளையம். யார் எங்கே என்பது கண்ணெதிரே தெரியும், கடைசிச் சுற்றுக்கு மணியும் அடித்துவிடுவார்கள். சாலையில் மலையும் வளைவும் ஆளை மறைக்கின்றன. அந்த மறைவை நம்பித்தான் ஒருத்தி தனியாகக் கிளம்புகிறாள்.

அவர் வென்றதை 'அதிர்ஷ்டம்' என்று சொல்வதும் எனக்குப் பிடிக்கவில்லை. கீசன்ஹோஃபர் அப்போது தன் நாட்டின் தனிநபர் நேரப் பந்தயச் சாம்பியன்; அதில் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிகாரத்தோடு போட்டிபோடுவார்கள். துணையில்லாமல் ஒரே சீராக மிதிப்பதுதான் அவர் வித்தை. பயிற்சித் திட்டத்தையும் தானே போட்டுக்கொண்டவர்.

ஃபான் ஃப்ளூட்டனுக்கு அநியாயம் நடந்ததாக உருகுகிறவர்களுக்கு ஒரு தகவல்: மூன்றே நாளில் அதே ஃபுஜி தளத்தில் தனிநபர் நேரப் பந்தயத்தில் அவர் தங்கம் வென்றார், 56 விநாடி வித்தியாசத்தில். அதை மாமியார் பார்க்கவில்லை.