காத்தாடி சும்மா சுற்றும் ராத்திரிகள்

காற்றாலை இறக்கையில் அடிபட்டு ஒரு பாறு கழுகு கீழே விழும் வீடியோ வருடத்துக்கு இரண்டு தடவையாவது முகநூலில் சுற்றுக்கு வரும். உடனே கீழே இரண்டு கட்சி சேர்ந்துவிடும். ஒரு கட்சிக்குக் காற்றாலையே ஏமாற்று வேலை. இன்னொரு கட்சி, "பூனை இதைவிடப் பல மடங்கு பறவையைக் கொல்லுது, அதைப் பேசுங்க" என்று கணக்கோடு வரும்.

பூனைக் கணக்கு பொய்யில்லை. ஆனால் பூனை பிடிப்பது சிட்டுக்குருவியையும் தவிட்டுக்குருவியையும். அவை வருடத்தில் இரண்டு மூன்று ஈடு குஞ்சு பொரித்து விட்ட இடத்தை நிரப்பிவிடும். பாறு கழுகு வருடத்துக்கு ஒரே முட்டை இடும், குஞ்சு வளர்ந்து ஜோடி சேரவே நாலைந்து வருடம் ஆகும். அப்படிப்பட்ட இனத்தில் வளர்ந்த பறவை ஒன்று போனால் அது ஒன்று மட்டும் போன கணக்கில்லை. எத்தனை செத்தது என்பதைவிட எது செத்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இந்தச் சண்டையில் இரண்டு கட்சியும் மறந்துவிடுவது வௌவாலை. வௌவால் விழுவதை யாரும் வீடியோ எடுப்பதில்லை. ராத்திரியில் விழும். விடிந்தால் அறுவடை முடிந்த வயலின் தாளுக்கு நடுவே கட்டைவிரல் நீளத்தில் பழுப்பாக ஏதோ கிடக்கும், அதையும் ஏழு மணிக்குள் காக்கா தூக்கிப் போயிருக்கும். பெரும்பாலான வௌவால் இனங்கள் வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும். வட அமெரிக்காவில் வலசை போகும் நரைமயிர் வௌவாலின் எண்ணிக்கை, காற்றாலைச் சாவு இதே வேகத்தில் போனால், 50 வருடத்தில் 90 சதவீதம் வரை சரியக்கூடும் என்று 2017இல் ஒரு மாதிரிக் கணக்கு வந்தது. சாவுக்குக் காரணம், சுற்றும் இறக்கைக்குப் பக்கத்தில் காற்றழுத்தம் சட்டென்று குறைவதால் வரும் நுரையீரல் வெடிப்பு என்று பலரும் எழுதுகிறார்கள். 2008இல் கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து வந்த ஆய்வு பிரபலமாக்கிய விஷயம் அது. பின்னால் வந்த ஆய்வுகள் அடிபட்டுச் சாவதே முக்கியக் காரணம் என்று காட்டுகின்றன. தரையில் நின்று பார்த்தால் இறக்கை சோம்பலாகச் சுற்றுவதுபோலத்தான் தெரியும். 120 மீட்டர் விட்டமுள்ள சுழலி நிமிடத்துக்கு 12 சுற்று சுற்றினாலே அதன் முனை மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது.

இரவில் வெப்பக் கேமரா வைத்துப் பார்த்ததில் வௌவால்கள் தாமாகவே கோபுரத்தை நெருங்குவது தெரிந்தது. அதுவும் காற்று மெதுவாக இருக்கும்போது, காற்று மறைவான பக்கத்திலிருந்து. உயரமான மரம் என்று நினைக்கிறதா, பூச்சி தேடி வருகிறதா என்று இன்னும் விவாதம் ஓடுகிறது. நமக்கு வேண்டியது அந்த "காற்று மெதுவாக இருக்கும்போது" என்ற பகுதி. பலத்த காற்றில் பூச்சியும் பறக்காது, வௌவாலும் அதிகம் பறக்காது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். காற்றின் சக்தி அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், அதாவது வேகம் மூன்று மடங்கானால் சக்தி 3×3×3, 27 மடங்கு. நொடிக்கு 12 மீட்டர் காற்றில் 2,000 கிலோவாட் தரும் இயந்திரத்துக்கு 4 மீட்டர் காற்றில் கிடைப்பது அதில் 27இல் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 74 கிலோவாட். பெரும்பாலான இயந்திரங்கள் மூன்று, மூன்றரை மீட்டரில் உற்பத்தியைத் தொடங்கும். அதற்குக் கீழேயும் இறக்கை முழுசாக நிற்காது. ஒரு யூனிட்கூடத் தராமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஆனாலும் வௌவாலை அடிக்கிற அளவுக்கு வேகம் இருக்கும்.

வைத்தியம் இரண்டே வரி. உற்பத்தி தொடங்கும் வேகத்தை இரவில் மட்டும் 5 மீட்டருக்கு ஏற்ற வேண்டும். அதற்குக் கீழே இறக்கையைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்பி வைத்துவிட வேண்டும். பென்சில்வேனியாவின் கேசல்மன் காற்றாலையில் 2008, 2009 இரண்டு வருடமும் இதைச் செய்து பார்த்தார்கள். வௌவால் சாவு இரவுக்கு இரவு 44 முதல் 93 சதவீதம் வரை குறைந்தது. இழந்த மின்சாரம் வருட உற்பத்தியில் 1 சதவீதத்துக்கும் கீழே. புதிய இயந்திரத்தில் இதற்கு ஸ்பேனர் பிடிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, கட்டுப்பாட்டு அறையில் ஒரு அளவை மாற்றினால் முடிந்தது. பழைய 250 கிலோவாட் இயந்திரங்கள் பலவற்றில் இறக்கையைத் திருப்பும் வசதி கிடையாது, பிரேக் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். அதனால் அங்கே இது வேறு கதை.

ஐரோப்பாவில் இந்த விதியோடு 10 டிகிரி வெப்பநிலை என்றொரு நிபந்தனையும் வரும், குளிரில் வௌவால் வெளியே வராது என்பதற்காக. ஆரல்வாய்மொழியில் 10 டிகிரிக்கு எங்கே போவது? அப்படியே நகல் எடுக்காமல் நம் ஊருக்கு ஏற்றபடி காற்று வேகம், நேரம், மழை இந்த மூன்றை வைத்து எழுத வேண்டும். நமக்குச் சாதகமான விஷயமும் ஒன்று உண்டு. தென் தமிழ்நாட்டில் மின்சாரம் கொட்டுவது மே முதல் செப்டம்பர் வரையான தென்மேற்குக் காற்றில். மற்ற மாதங்களின் மந்தமான ராத்திரிகளில் இறக்கையைத் திருப்பி வைப்பதால் முதலாளிக்குக் கையைக் கடிக்காது என்பது என் கணிப்பு.

பறவை விஷயத்தில் இப்படி ஒரே பொத்தான் கிடையாது. அங்கே பாதிக்கு மேல் இடம்தான் தீர்மானிக்கும். மலைச்சரிவில் மோதி மேலெழும் காற்றில்தான் கழுகும் பருந்தும் சிறகடிக்காமல் ஏறும். காற்றாலைக்காரருக்கும் அதே விளிம்புதான் வேண்டும். தவறான இடத்தில் நட்டுவிட்டால் பிறகு ஒட்டுப்போடுவதுதான் மிச்சம். ஒட்டுகளிலும் நல்லது உண்டு. ஸ்பெயினின் தரீஃபா பகுதியில் ஆட்களை நிறுத்தி, கழுகு நெருங்கும்போது அந்த ஒரு இயந்திரத்தை மட்டும் சில நிமிடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். சாவு பாதியாகக் குறைந்தது, மின்சார இழப்பு 0.07 சதவீதம். நார்வேயின் ஸ்மோலா தீவில் மூன்று இறக்கையில் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு அடித்தார்கள். பறவைச் சாவு 70 சதவீதம் குறைந்ததாக 2020இல் எழுதினார்கள். ஆனால் கறுப்பு அடித்தது நாலே இயந்திரம். அதை வைத்துக்கொண்டு "பெயின்ட் அடித்தால் போதும்" என்று ஆடுவது அவசரம்.

அடிபடாமலேயே போகிற பறவைக் கணக்கும் ஒன்று இருக்கிறது. மகாராஷ்டிராவின் சாத்தாரா பக்கம் சால்கேவாடி மேட்டுநிலத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு அது. காற்றாலை உள்ள இடத்தில் வேட்டைப் பறவைகள் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்குதான். பருந்து வராததால் விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகிவிட்டன. அவற்றின் ரத்தத்தில் பதற்ற ஹார்மோன் குறைவு. ஆள் பக்கத்தில் போகும்வரை ஓடாமல் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் தீனிக்குப் போட்டி கூடியதால் உடம்பு மெலிந்து, ஆணின் தொண்டை நிறமும் மங்கிக் கிடக்கிறது. பிணக் கணக்கில் வராமலேயே இத்தனை மாறியிருக்கிறது.

கம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காற்றாலையிலிருந்து துணைமின் நிலையம் போகிற கம்பி பல இடங்களில் இறக்கையைவிட மோசம். ராஜஸ்தானில் கானமயிலுக்கு எமன் அதுதான். எடை கூடிய பறவை, நேர் எதிரே பார்வையும் குறைவு, கம்பி தெரியும்போது திரும்ப முடியாது. கீழே உள்ள தடித்த கம்பியைப் பார்த்து மேலே எழும்பும் பறவைகூட, உச்சியில் போகும் மெல்லிய எர்த் கம்பியில் மோதும். அதனால் எச்சரிக்கைத் தட்டை அந்த உச்சிக் கம்பியில்தான் மாட்ட வேண்டும். 33 கேவி கம்பத்தில் கம்பிக்குக் கம்பி கிடைமட்டத்தில் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டு, கம்பத்தில் கம்பிகளை இணைக்கும் ஜம்பர் ஒயருக்கு உறை போட்டால் பருந்து கருகுவது பெருமளவு நிற்கும்.

மன்னார் தீவை இங்கே விட முடியாது. மத்திய ஆசியாவிலிருந்து இறங்கும் பறவைகள் இலங்கைக்குள் நுழையும் வாசல் அது, பக்கத்திலேயே வங்காலை ராம்சார் ஈரநிலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலப் பட்டியலில் உள்ள இடம். அங்கே 30 இயந்திரங்களோடு 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலை நிற்கிறது. அதன்மேல் இன்னும் 250 மெகாவாட் கட்ட வந்த அதானி நிறுவனம் 2025 பிப்ரவரியில் விலகிக்கொண்டது. சூழலியலாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போயிருந்தார்கள். ஆனால் கடைசியில் பேச்சு முறிந்தது மின்சார விலையில்.

தமிழ்நாட்டுக்கு இப்போது இது ஏன் அவசரம் என்றால், பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க 2024இல் அரசு கொள்கை வந்துவிட்டது. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் நிற்கும் குட்டை இயந்திரங்களைக் கழற்றிவிட்டு எண்ணிக்கையில் குறைந்த, உயரமான இயந்திரங்களை நடுவார்கள். இயந்திரம் குறைவதால் பருந்துகளுக்கு நல்லதாகலாம். வௌவாலுக்குக் கதை தலைகீழ். வட அமெரிக்கக் கணக்குகளை 2007இல் ஒப்பிட்டபோது, கோபுரம் உயர உயரப் பறவைச் சாவு கூடவில்லை, வௌவால் சாவு கூடியது. இந்தியாவில் காற்றாலை 2006ஆம் வருடத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைக்குள் வராது. பழந்தின்னி வௌவாலும் 2022 திருத்தம் வரும்வரை எலியோடும் காக்காவோடும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில், கொல்லத் தடையில்லாத தீங்குயிர்ப் பட்டியலில்தான் கிடந்தது. தீபாவளிக்கு வௌவாலுக்காக வெடி வெடிக்காத ஊர்கள் உள்ள நாட்டில்தான் இது.

காற்றாலைக்காரரிடம் கேட்க வேண்டியது எந்த இனம், எத்தனை செத்தது என்ற எண்ணிக்கை. கோபுரத்தைச் சுற்றி ஐந்து மீட்டர் இடைவெளிக் கோடுகளில் நடந்து பிணம் தேட வேண்டும். கிடைத்ததை அப்படியே எழுதினால் பொய்க்கணக்கு. மூன்று பிணம் கிடைத்தது என்று வையுங்கள். தேடுபவர் கண்ணில் பாதிதான் படும், நாயும் கீரியும் பாதியைத் தூக்கிவிடும், முள்காடு போக நடக்க முடிந்தது பாதி நிலம். மூன்றை மூன்று தடவை இரட்டித்தால் 24. அந்தப் பாதிகளையும் குத்துமதிப்பாகப் போடக்கூடாது. செத்த கோழிக்குஞ்சுகளைப் போட்டுவைத்து எத்தனை நாள் கிடக்கிறது, எத்தனை கண்ணில் படுகிறது என்று அந்தந்த இடத்திலேயே சோதிக்க வேண்டும். பிரிட்டனில் ஒரு சோதனையில் மனிதர் கண்டுபிடித்தது வைத்த வௌவாலில் 20 சதவீதம், பழக்கிய நாய் 73 சதவீதம்.

"வாட்ச்மேன்தான் தினமும் அங்கேயே இருக்காரே, அவரே எழுதட்டும்" என்று சிலர் சொல்கிறார்கள். எந்த நாய் எந்த வழியில் வரும் என்பதுவரை அவருக்குத்தான் தெரியும், வாஸ்தவம். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று பாருங்கள். நோட்டு அவரிடம் இருந்தால் பிணம் ஓடையில் கிடக்கும், நோட்டு சுத்தமாக இருக்கும். எண்ணுகிறவருக்கு வேறு கையிலிருந்து சம்பளம் வர வேண்டும்.