84 டாலருக்குச் சாப்பிட்டேன், 118 டாலர் கொடுத்தேன்

போன சனிக்கிழமை மனைவிக்குப் பிறந்தநாள். சான் ஃபிரான்சிஸ்கோவில் மிஷன் பக்கம் ஒரு உணவகத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். அந்தத் தெருவில் பாதிக் கடை இப்படித்தான் இருக்கிறது, இவர்களை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது? மெனுவில் போட்டிருந்த விலைப்படி நாங்கள் சாப்பிட்டது 84 டாலர். கொடுத்துவிட்டு வந்தது 118 டாலர். நடுவில் இருக்கிற 34 டாலருக்கு ஒரு பருக்கைகூட எங்கள் வாயில் போகவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பாட்டி சொல்வாள். அவள் இந்த ஊர் பில்லைப் பார்த்ததில்லை.

பில்லை இன்னும் வைத்திருக்கிறேன், கணக்கைச் சொல்கிறேன். முதலில் 'எஸ்எஃப் மேண்டேட்', அதாவது சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தின் கட்டாயம், என்று 6 சதவீதம், 5.04 டாலர். அதையும் சேர்த்து வந்த 89.04 டாலருக்கு விற்பனை வரி 8.625 சதவீதம், 7.68 டாலர். ஆமாம், அந்தக் கூடுதல் கட்டணத்துக்கும் வரி உண்டு. கலிஃபோர்னியாவில் கடைக்காரர் கட்டாயமாக வாங்கும் கட்டணம் விலையோடு சேர்ந்ததுதான், வரியும் அப்படித்தான் போடுவார்கள். அதாவது அது விலைதான் என்று வரித்துறைக்குத் தெரிந்திருக்கிறது. மெனு அச்சடித்தவருக்குத்தான் தெரியவில்லை.

இப்போது 96.72 ஆகிவிட்டதா? அப்புறம் கையடக்கக் கருவியை நீட்டினார்கள். 20, 22, 25 என்று மூன்று பட்டன். 20-ஐ அமுக்கினால் கஞ்சன், 25-ஐ அமுக்கினால் ஏமாளி, நடுவில் இருப்பவன் நல்ல மனிதன். நான் நல்ல மனிதனாக இருந்துவிட்டேன். அது 21.28. சாப்பாட்டுக்கு மட்டும் 22 சதவீதம் என்றால் 18.48தான் வந்திருக்க வேண்டும். மிச்சம் 2.80 எதற்கு? வரிக்கும், வரிக்கு முந்தைய கட்டணத்துக்கும் நான் கொடுத்த டிப்ஸ். வரி என்ன, தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்ததா?

"ஏங்க, பிறந்தநாள் அதுவுமா 2 டாலர் 80 சென்டுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறீங்களே" என்றாள் மனைவி. நியாயம்தான். ஆனால் என் கோபம் பணத்துக்காக இல்லை. 118 என்று முதலிலேயே சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன், அல்லது எழுந்து வந்திருப்பேன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கும். 84 என்று சொல்லி உட்காரவைத்துவிட்டு, வயிறு நிறைந்த பிறகு மிச்சத்தைச் சொன்னால் அதற்கு என்ன பெயர்?

அந்த 'மேண்டேட்' சமாசாரம் தெரியாதவர்களுக்காக. 20 பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, ஊழியர் வேலை செய்யும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இவ்வளவு என்று அவரது மருத்துவத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் 2006-ல் ஒரு சட்டம் போட்டது. 2008-ல் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம், மனசார ஆதரிக்கிறேன். உணவக முதலாளிகள் சங்கம் அதை எதிர்த்து வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் வரை போய், 2010-ல் அங்கே அதை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். அந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, செலவைத் தனிக் கட்டணமாக வாடிக்கையாளர் தலையில் எழுதும் வழக்கம் ஆரம்பித்துவிட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அந்தக் கட்டணத்தின் பெயரால்தான். பில்லில் வாடகைக்கு என்று தனிக் கட்டணம் இருக்கிறதா? இந்த ஊர் வாடகைக்கு அதுதான் முதலில் இருக்க வேண்டும்! வெங்காயத்துக்கு இருக்கிறதா? அடுப்பு கேஸுக்கு? சுவரில் மாட்டியிருக்கும், யாருக்கும் புரியாத அந்த ஓவியத்துக்கு? எல்லாச் செலவும் 29 டாலர் மீனுக்குள் சத்தமில்லாமல் அடங்கிவிடுகிறது. அந்த மீனை வறுத்தவனுக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கும் செலவு மட்டும் மீனுக்குள் அடங்காதாம், தனியாக நிற்குமாம், நகரத்தின் பெயரையும் ஒட்டிக்கொண்டு நிற்குமாம். ஏன்? அதைப் பார்த்து எனக்கு நகரசபைமேல் கோபம் வர வேண்டும். முதலாளி நகரசபைக்கு எழுதும் எதிர்ப்புக் கடிதம் அது, தபால்தலைக்குக் காசு மட்டும் என்னுடையது.

சரி, அப்படி வசூலித்ததாவது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா? வாடிக்கையாளரிடம் வாங்கிய பணத்தை ஊழியரின் மருத்துவத்துக்கு முழுசாகச் செலவழிக்காத உணவகங்கள் இருந்தன. 2013-ல் நகர வழக்கறிஞர் அலுவலகம் ஒரு பொதுமன்னிப்புத் திட்டமே அறிவித்து, கட்டவேண்டியதைக் கட்டிவிடுங்கள் என்று கூப்பிட வேண்டியிருந்தது.

2024 ஜூலை 1-ஆம் தேதிக்காக நான் காத்திருந்த கதை இன்னும் பரிதாபம். மறைமுகக் கட்டணங்களை ஒழிக்க, சொல்லும் விலையே முழு விலையாக இருக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா கொண்டுவந்த எஸ்பி 478 என்ற சட்டம் அன்றைக்கு அமலுக்கு வர இருந்தது. உணவகங்களும் அதில் அடக்கம் என்றார்கள். அலுவலகத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அமலுக்கு வர இரண்டே நாள் இருக்கும்போது எஸ்பி 1524 என்று இன்னொன்றில் ஆளுநர் கையெழுத்துப் போட்டார். உணவகம், பார் போன்ற சாப்பாட்டுக் கடைகளுக்கு மட்டும் விலக்கு, கட்டணத்தை மெனுவில் தெளிவாகத் தெரியும்படி போட்டால் போதும். கச்சேரி டிக்கெட்டுக்கு ஒளித்து வைக்கக் கூடாது, ஹோட்டல் அறைக்கு ஒளித்து வைக்கக் கூடாது, தட்டில் வருவதற்கு மட்டும் பரவாயில்லை. தெளிவாக என்றால் எப்படி என்று கேட்கிறீர்களா? மெனுவின் அடியில், கடைசி இனிப்புக்கும் கீழே, சாம்பல் நிற எழுத்தில். மேஜையில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. போன் டார்ச்சை அடித்து நான் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேஜைப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

டிப்ஸைப் பற்றி வாயைத் திறந்தால் உடனே ஒருவர் வருவார், "பாவம் சர்வர்கள், அவர்களுக்கு மணிக்கு 2.13 டாலர்தான்" என்று. உண்மைதான், ஆனால் இங்கே இல்லை. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டிய கூட்டாட்சி அரசின் குறைந்தபட்சச் சம்பளம் 1991 முதல் அந்த 2.13-லேயே நிற்கிறது. பல மாநிலங்களில் டிப்ஸ்தான் சம்பளம். கலிஃபோர்னியாவில் டிப்ஸைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கச் சட்டம் விடாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2025 ஜூலையில் எல்லோருக்கும் மணிக்கு 19.18 ஆனது. அதை வைத்துக்கொண்டு இந்த ஊரில் ஒரு அறைகூட ஒழுங்காக எடுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், அதனால்தான் அமுக்குகிறேன். நான் வந்த புதிதில் 15 கொடுத்தால் மரியாதை. இன்றைக்குப் பட்டனே 20-ல் ஆரம்பிக்கிறது. விலை ஏறினால் டிப்ஸும் தானாகவே கூடத்தானே வரும்? விலையும் ஏறி, சதவீதமும் எதற்கு ஏறுகிறது? இதற்கு ஒருவரும் எனக்குப் பதில் சொன்னதில்லை.

இதில் சாப்பாட்டுக் கடை மட்டுமா? காபிக் கடையில் குளிர்பெட்டியைத் திறந்து தண்ணீர் பாட்டிலை நானே எடுத்து, நானே கொண்டுபோய் வைக்கிறேன். "இது உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கும்" என்று அந்தப் பையன் திரையை என் பக்கம் திருப்பிவிட்டுக் கூரையைப் பார்க்கிறான். பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். 'டிப்ஸ் வேண்டாம்' என்ற பட்டனை அடியில் பொடியாக வைத்திருக்கிறார்கள், விரல் அங்கே போவதை ஆறு பேரும் பார்ப்பார்கள். நான் ஒரு டாலர் கொடுத்தேன். எடுத்து வந்தது நான் என்பதால் அது எனக்கு வர வேண்டியது.

பகிர்ந்து சாப்பிடும் குட்டித் தட்டுகள், அதில் படுத்திருக்கும் மூன்று கேரட், 'எங்கள் மெனுவை விளக்கட்டுமா' என்ற பிரசங்கம், 90 நிமிடத்தில் மேஜையைக் காலி செய்ய வேண்டும் என்ற மின்னஞ்சல், இதெல்லாம் தனிப் பதிவுக்கு ஆகும். இன்றைக்கு விடுகிறேன்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. இதே ஊரில் கோல் வேலியில் ஜாஸி என்று ஒரு காலை உணவுக் கடை டிப்ஸை ஒழித்துவிட்டு, ஊழியர் செலவையெல்லாம் மெனு விலையிலேயே வைத்து நடத்துகிறது. கடை இடிந்து விழவில்லை, வார இறுதியில் வாசலில் கூட்டம் நிற்கிறது. அப்படி விலை போடும் ஒரு கடைக்கு ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கூட்டிப் போனேன். மெனுவைத் திறந்தேன். பான்கேக் விலையைப் பார்த்ததும் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, வெட்கத்தோடு சொல்கிறேன், "அம்மாடி, இவ்வளவா?"

மனைவி மெனுவுக்கு மேலே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் நானே மனக்கணக்குப் போட்டு முடித்திருந்தேன், மற்ற இடங்களில் கடைசியில் கொடுப்பதைவிட ஒரு டாலர்கூட அதிகமில்லை. சாப்பிட்டோம். பில் வந்தது. விலை, வரி, கூட்டுத்தொகை, அவ்வளவுதான். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பி, டிப்ஸ் எழுதும் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.