ஒன்றரை வயது ஊசிக்கும் மூன்று வயது ஊசிக்கும் நடுவில்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு முன்பள்ளியில் 14 வருடமாகப் படிப்பிக்கிறேன். இந்த வருடம் சேர்ந்த ஒரு மகனைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பெயர் வேண்டாம்.

வயது மூன்றரை. தண்ணீர் விடாய்த்தால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் போத்தல் மூடியில் வைப்பான். கேட்க மாட்டான். விரல் நீட்டிக் காட்டவும் மாட்டான். என் கையைத்தான் வைப்பான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவது எப்போதாவதுதான். கூட்டி வருகிற அம்மம்மாவிடம் மெல்லக் கதை கொடுத்தேன்.

"அவனுக்கு எல்லாம் விளங்குது டீச்சர், வாய்தான் திறக்கிறான் இல்ல. இவன்ட மாமனும் நாலு வயசிலதான் கதைச்சவன்."

கிளினிக் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். பொலித்தீனில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். பிறந்தவுடன் போட்டது, பிறகு 2, 4, 6, 9, 12, 18 மாதங்கள். ஒரு ஊசிகூடத் தவறவில்லை. நிறைக் கோட்டில் மாதம் ஒரு புள்ளி வரிசையாக ஏறுகிறது. 18 மாதத்தோடு நின்றுவிடுகிறது. அடுத்த புள்ளி 3 வயது ஊசி போட்ட நாளில், சரியான நிறையைக் காட்டுகிற பச்சைப் பட்டைக்குக் கீழே. நடுவில் ஒன்றுமே இல்லை. பிள்ளை எப்போது கதைத்தான், என்ன விளங்கிக்கொள்கிறான் என்று பார்த்துக் குறிக்கிற பக்கத்திலும் பேனை படவில்லை.

ஏன் போகவில்லை என்று கேட்டேன். "ஊசி இல்லையே டீச்சர், சும்மா ஏன் போறது?"

அந்த மனுசியில் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. ஊசி என்றால் வயல் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிற சனம் எங்கள் சனம். போர்க்காலத்திலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊசிக்கு நடந்த தாய்மாரை எனக்குத் தெரியும். நிறை பார்ப்பதும் பேச்சுப் பார்ப்பதும் ஊசி அளவுக்கு முக்கியம் என்று யாராவது அவர்களிடம் உட்கார்ந்து சொன்னோமா?

அந்த ஒன்றரை வருடம்தான் பிள்ளை சொல்லைச் சேர்க்கிற காலம். சோற்றுக்கோப்பையைப் பார்த்துச் "சோறு" என்று அம்மா சொல்ல, அதைப் பிடித்துக்கொள்கிற காலம். நிறை குறைவதும் அப்போதுதான், பால் குடி குறைந்து வீட்டுச் சாப்பாட்டுக்கு மாறும்போது. நிறை குறைந்த பிள்ளைக்குக் கிளினிக்கில் திரிபோஷா என்கிற சத்துமா கொடுக்கிறார்கள். தராசில் ஏறாத பிள்ளைக்கு எப்படிக் கிடைக்கும்?

முன்பு எங்கள் ஊர்களில் இதைத் தாங்க ஒரு ஏற்பாடு இருந்தது. பெண்பிள்ளைக்குத்தான் வீடு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஒரே வளவில் அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா எல்லாரும் இருப்பார்கள். பிள்ளை இடுப்பு மாறி இடுப்பு போகும். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் அதனோடு கதைப்பார்கள். இன்றைக்கு அதே வளவில் பகலில் போய்ப் பாருங்கள். சின்னம்மா விடியற்காலையே கார்மண்ட் பஸ்ஸில் போயிருப்பா. தாய் குவைத்தில். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வெளிநாடு போக முடியாது என்றிருந்த விதியை 2022இல், நாடு டொலர் இல்லாமல் தவித்த நேரம், இரண்டு வயதாகக் குறைத்தார்கள். போகிற தாயை நான் குறை சொல்ல மாட்டேன். கடன் கழுத்தை நெரித்தால் யாரும் போவார்கள். ஆனால் வளவில் மிச்சம் இருப்பது முழங்கால் வலியோடு ஒரு அம்மம்மாவும் ஒரு போனும்தான். போனைக் கொடுத்தால் பிள்ளை சாப்பிடும். அவர் வேறு என்ன செய்வார்?

அரசாங்கத்தில் ஆள் இல்லாமல் இல்லை. மருத்துவமாது சுகாதாரப் பக்கம். முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில். நாங்கள் முன்பள்ளி ஆசிரியர்கள் மாகாணத்தின் கீழ். மூன்று பேரும் ஒரே ஊர்ப் பிள்ளைகளுக்காகத்தான் வேலை செய்கிறோம். ஒரே மேசையில் இருந்து ஒரு பிள்ளையைப் பற்றிக் கதைத்த நாள் என் 14 வருடத்தில் விரல் விட்டு எண்ணலாம். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் முன்பள்ளிப் பிள்ளையின் காலை உணவுக்கு 60 ரூபாயை 100 ரூபாயாகக் கூட்டினார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்தத் தட்டு மூன்று வயது தாண்டி எங்களிடம் வந்த பிள்ளைக்குத்தான்.

நான் கேட்பது புதுக் கட்டடம் இல்லை. சுனாமிக்குப் பிறகும் போருக்குப் பிறகும் பெயர்ப்பலகை வைத்த கட்டடங்கள் நிறையக் கிடைத்தன. கட்டியவர்கள் போய்விட்டார்கள், டீச்சருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் ஆளில்லை. மாதத்தில் ஒரு காலை, முன்பள்ளியிலோ பல்தேவைக் கட்டடத்திலோ, 18 மாதம் தாண்டிய பிள்ளைகளுக்கு மட்டும். ஒரு தராசு, ஒரு பாய், கொஞ்சம் விளையாட்டுச் சாமான். மருத்துவமாது நிறை பார்க்கட்டும். நாங்கள் பிள்ளையோடு விளையாடிப் பார்ப்போம், கூப்பிட்டால் திரும்புகிறதா, விரல் நீட்டுகிறதா என்று. சந்தேகம் வந்தால் அன்றைக்கே உத்தியோகத்தர் பெயரைப் பதியட்டும். தாய்மார் ஆதரவுக் குழுவில் அம்மம்மாமாரையும் சேருங்கள். பிள்ளை அவர்கள் கையில்தான் வளர்கிறது. 2025 மே தேர்தலில் பிரதேச சபைக்கு வந்த உறுப்பினர்களே, வீதி விளக்கு கேட்டு உங்களிடம் வருகிறார்கள், அதோடு இதையும் சபையில் எடுங்கள்.

அந்த மகனைப் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறோம். இரண்டு பஸ் ஏறவேண்டும். போகிற நாளில் அம்மம்மாவுக்கு அன்றைய கூலி இல்லை. போன கிழமை தண்ணீருக்கு என் கையை இழுத்தவன், பாதி வழியில் நின்று போத்தலை விரலால் காட்டினான். இன்னும் சொல் வரவில்லை. இரண்டு வயதில் கண்டிருந்தால் என்ற நினைப்பு என்னை விடுகிறதில்லை.

அடுத்த மாத முதல் சனிக்கிழமை காலை 9 மணிக்கு எங்கள் முன்பள்ளியைத் திறந்து வைக்கிறேன். எங்கள் மருத்துவமாதுவும் வருவதாகச் சொல்லியிருக்கிறா. வீட்டில் 18 மாதம் தாண்டிய பிள்ளை இருந்தால் கூட்டி வாருங்கள். ஊசி இல்லை. கிளினிக் புத்தகத்தை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.