பென்ஷன் வாங்குனா 70 வயசு கார்டு கிடையாதா? தப்புங்க

"பென்ஷன் வாங்குறவங்களுக்கும் பிரைவேட் இன்சூரன்ஸ் வச்சிருக்கவங்களுக்கும் ஆயுஷ்மான் கார்டு (மத்திய அரசோட இலவச மருத்துவ காப்பீட்டு அட்டை) கிடையாது"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்துது, அத நம்பி எங்க பெரியப்பா எடுத்து வச்ச ஆதார திரும்ப பீரோல வச்சு பூட்டிட்டாரு, மனசே கேக்கல. அது உண்மை இல்லங்க. 2024 அக்டோபர் 29ல ஆரம்பிச்ச ஆயுஷ்மான் வய வந்தனா கார்டுக்கு வருமான வரம்பே கிடையாது, ஆதார்படி 70 வயசு ஆகியிருந்தா போதும். பிரைவேட் பாலிசி, இஎஸ்ஐ இருந்தாலும் வாங்கலாம். சிஜிஎச்எஸ் (மத்திய அரசு ஊழியர், பென்ஷன்காரங்களுக்கான மருத்துவ திட்டம்), இசிஎச்எஸ் (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவ திட்டம்) மாதிரி அரசு திட்டத்துல இருக்கவங்க மட்டும் அந்த திட்டமா இந்த கார்டான்னு ஒண்ண தேர்ந்தெடுக்கணும், அந்த ஒரு விஷயத்ததான் யாரோ திரிச்சு எல்லாருக்கும்னு போட்டுட்டாங்க போல. திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரில அட்மிட் ஆகி பாக்குற வைத்தியம் வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இலவசம். வீட்ல ரெண்டு பேருக்கும் 70 தாண்டிருச்சுன்னா அந்த 5 லட்சம் ரெண்டு பேருக்கும் சேர்த்துதான்.